வீட்டில் கண்ட பழுதுகளை விற்கிற மாமியிடம் எப்படிச் சொல்வது? (கோண்டாவில்)

செம்மண் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் மூன்று பரப்புக் காணியோடு ஒரு வீடு பார்த்திருக்கிறோம். 78இல் கட்டிய ஓட்டு வீடு. முன்பக்கம் 84இல் பிளாட் (தட்டைக் கொங்கிரீட் கூரை) போட்டு ஒரு விறாந்தை சேர்த்திருக்கிறார்கள், பின்பக்கம் அதற்கும் பிறகு ஒரு குசினி. விற்கிறவர் ஓய்வுபெற்ற ரீச்சர், எழுபத்தாறு வயது, கணவர் தவறி நாலு வருடம். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். காணி அவருக்குச் சீதனமாக வந்தது, உறுதி அவர் பெயரில்தான் இருக்கிறது. என் அப்பாவும் அவருடைய கணவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்கள், சின்ன வயதிலிருந்தே நான் அவரை மாமி என்றுதான் கூப்பிடுவேன். சிக்கலே அதுதான்.

பாதிக் காசு ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா போடுகிறார். அங்கே வீடு வாங்குகிறவர்கள் பரிசோதகர் ஒருவரைக் கூட்டிவந்து கூரையிலிருந்து குழாய் வரை பார்க்க வைத்து, அது சரிவந்தால்தான் வாங்குவோம் என்று நிபந்தனை போட்டே ஒப்பந்தம் எழுதுவார்களாம். இங்கேயும் அப்படிச் செய்யச் சொல்லி நின்றார். எங்கள் ஊரில் வீடு பார்க்கப் போகிறவர் கிணற்றை எட்டிப் பார்ப்பார், வாசல் எந்தத் திசை என்று கேட்பார், மாமரம் காய்க்குமா என்று கேட்பார், அவ்வளவுதான். வங்கிக் கடன் என்றால் மதிப்பீட்டாளர் வருவார், அவர் விலையை மதித்துவிட்டுப் போய்விடுவார். கடைசியில் ஓய்வுபெற்ற ரீ.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) ஐயா ஒருவரையும் தெரிந்த மேசன் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனேன். நாலு மணித்தியாலம் பார்த்தார்கள். ஐயா பதினொரு பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதி, 26 படமும் ஒட்டித் தந்திருக்கிறார்.

அதில் உள்ளது இதுதான். விறாந்தைப் பிளாட்டின் அடிப்பக்கத்தில் கம்பி கறள் பிடித்து கொங்கிரீட் கழன்று வருகிறது. மேலால் வெள்ளை அடித்திருந்தார்கள், ஆனால் ஐயா சுத்தியலால் தட்டிக்கொண்டே போகப் போக ஒரு பக்கம் கணீரென்றும் மற்றப் பக்கம் பொத்துப் பொத்தென்றும் கேட்டது, எனக்கே வித்தியாசம் விளங்கியது. மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 27 அடிதான். கிணற்றுத் தண்ணீரை நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடத்தில் கொடுத்தோம், நைத்திரேற்று லீற்றருக்கு 74 மில்லிகிராம் என்று வந்தது, 50க்கு மேல் போகக்கூடாது. தெற்குப் பக்கக் கூரை வளை மரத்தில் கறையான். வயரிங் வீடு கட்டிய காலத்தது, கரண்ட் ஒழுகினால் தானாக நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச் இல்லை, எர்த் கம்பி எங்கே போகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. பின் குசினிக்குப் பிரதேச சபையில் அனுமதி எடுத்த மாதிரித் தெரியவில்லை. கடைசியாக, சாமியறைச் சுவரில் யன்னல் மூலையிலிருந்து சரிவாக ஓடும் ஒரு வெடிப்பு.

அந்த வெடிப்பில் ஐயா விரல் நகத்தை விட்டுப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் மாமி தேத்தண்ணீர் கொண்டுவந்தார். "அது 87 ஐப்பசி, தம்பி. முத்தத்தில ஷெல் விழுந்தது. அவர்தான் தானே சீமெந்து குழைச்சுப் பூசினவர்" என்று சொன்னார், தட்டத்தை யன்னல் குந்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அறிக்கையில் அது ஒன்பதாவது படம். பக்கத்தில் சிவப்பு அம்புக்குறி.

இப்போது ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அறிக்கையை அப்படியே மாமியின் மகளுக்கு ஈமெயிலில் அனுப்பி 35 இலட்சம் குறைக்கச் சொல்லு என்கிறார் அண்ணா (கேட்கும் விலை 2 கோடியே 40). குறை சொல்லி வாங்கிய வீட்டில் குடிபுகுந்தால் விளங்காது, பேசாமல் வாங்கிப் பிறகு திருத்து என்கிறார் அம்மா. தரகர் இன்னொரு வழி. "நீங்கள் வாயே திறக்காதேங்கோ, நான் வேற சாட்டுச் சொல்லி இறக்கித் தாறன்." என் மனைவிக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது, அந்தத் தண்ணீர் விசயத்தை மறைத்துக்கொண்டு சிரிக்க எனக்கு முடியவில்லை. அச்சவாரம் இன்னும் கொடுக்கவில்லை. யாராவது இப்படி ஒரு நிலையில் கதைத்திருக்கிறீர்களா? என்ன சொன்னீர்கள், யாருக்கு முதலில் சொன்னீர்கள்?


மட்டப்பலகை எழுதியது:

இருபத்திரண்டு வருடமாகக் கட்டட வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது, அந்தக் கணக்கில் சொல்கிறேன். அந்தப் பதினொரு பக்கத்தையும் ஒருவருக்கும் அனுப்பாதீர்கள். அது உங்களுக்காக எழுதியது. ரீ.ஓ. ஐயா கண்டதையெல்லாம் எழுதுவார், எழுதத்தான் வேண்டும், நாளைக்கு ஒன்று விடுபட்டால் அவரைத்தானே கேட்பீர்கள். ஆனால் அதில் கறையானும் கழன்ற கொங்கிரீட்டும் உடைந்த ஓடும் ஒரே அளவு எழுத்தில், ஒரே சிவப்பு அம்புக்குறியோடு இருக்கும். படிக்கிறவருக்கு வீடே விழப்போகிறது என்றுதான் தோன்றும்.

முதலில் நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள். விறாந்தைப் பிளாட் உயிர் விசயம். உள்ளே இருக்கும் இரும்பு கறள் பிடித்தால் இரண்டு மடங்குக்கும் மேலே பருக்கும், பருத்து வெளிக் கொங்கிரீட்டைத் தள்ளிவிடும். மேலே சீமெந்து பூசினால் இரண்டு மாரி தாங்கும், பிறகு பூச்சோடு சேர்ந்து விழும். அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் கடற்கரை மணலைக் கழுவாமல் போட்டுக் குழைத்த வீடுகள் கனக்க உண்டு, உப்பு உள்ளேயே இருக்கிறது, கம்பியை அது விடாது. கழன்ற இடத்தையெல்லாம் கம்பி தெரியக் கொத்தி, கறளைச் சுரண்டி, தின்றுபோன இடத்தில் புதுக் கம்பி கட்டித்தான் போடவேண்டும், பல இடத்தில் பிளாட்டையே இடித்துத் திரும்பப் போடுவது மலிவு. அதற்கு மேசனிடம் ஒரு கணக்கு வாங்குங்கள், சீமெந்து எத்தனை பை, கம்பி எத்தனை, கூலி எவ்வளவு என்று. உங்கள் அண்ணா சொல்லும் 35 இலட்சம் எங்கிருந்து வந்தது என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள், பதில் இருக்காது. மேசன் எழுதித் தந்த துண்டுக்குப் பதில் இருக்கும்.

ட்ரிப் சுவிட்ச் இல்லாததும் உயிர் விசயம்தான், ஆனால் காசு கொஞ்சம், ஒரு நாள் வேலை. அதை விலைப் பேச்சுக்குள் கொண்டுவருவது அசிங்கம்.

கறையான், பழைய ஓடு, கதவு இறுகுவது, இதெல்லாம் வீட்டின் வயது. நாற்பத்தைந்து வருட வீட்டில் இவை இல்லாவிட்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும். அவற்றைச் சொல்லிக் காசு கேட்டால் உங்களைத்தான் சின்னவராக நினைப்பார்கள். வளையில் கறையான் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று ஒரு ஓடாவியைக் கொண்டு ஊசி இறக்கிப் பாருங்கள். பனை என்றால் வயிரம் வெளிப்பக்கம் இருக்கும், உள்பக்க மெதுவான இடத்தை அரித்திருந்தாலும் வயிரம் நிற்கும்.

அந்த வெடிப்பு முப்பத்தேழு முப்பத்தெட்டு வருடமாக அப்படியே இருந்தால் அது தழும்பு, விட்டுவிடுங்கள். அசைகிறதா என்று தெரியவேண்டுமானால் வெடிப்புக்குக் குறுக்கே சீமெந்துச் சாந்தில் பொட்டு ஒன்று வைத்துத் திகதி எழுதி விடுங்கள், ஒரு மாரி போனபின் பொட்டு வெடித்திருந்தால் அசைகிறது, இல்லாவிட்டால் இல்லை. கோண்டாவில் பக்கம் செம்மண்ணுக்குக் கீழே கல், அத்திவாரம் இறங்குவது குறைவு. ஒன்பதாவது படத்தை அவருக்குக் காட்டவே வேண்டாம்.


சும்மா வந்தவன் எழுதியது:

எல்லாத்தையும் ஆய்ந்தோய்ந்து பிரித்துக்கொண்டு இருங்கள், நாளைக்கு சுவிஸில் இருந்து ஒருவர் ஒரு கிழமை லீவில் வந்து, பிளாட்டையும் பார்க்காமல் பிளானையும் பார்க்காமல் 2 கோடியே 60 என்று வாங்கிவிட்டுப் போய்விடுவார். இதே கோண்டாவிலில் கண்ணால் பார்த்தேன். காணிக்குத்தானே விலை, வீட்டுக்கா விலை? வாங்கி இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.


நல்லூர் மகள் எழுதியது:

நான் மற்றப் பக்கத்து ஆள். அதனால் கொஞ்சம் காரமாக இருந்தால் குறை நினைக்க வேண்டாம்.

மூன்று வருடத்துக்கு முன் அப்பாவின் வீட்டை விற்றோம். நான் லண்டனில், அம்மா தனியே வீட்டில். வாங்க வந்தவர் நல்ல படித்த பிள்ளை, மரியாதையாகத்தான் வந்து போனார். பிறகு ஒரு நாள் இரவு பத்து மணிக்கு அம்மாவின் வைபருக்கு 43 படம். ஒரு சொல்லும் இல்லை, படம் மட்டும். குளியலறை மூலையில் பாசி, குசினிப் புகைக்கூண்டில் கரி, அப்பாவின் கட்டிலுக்குக் கீழே தரையில் வெடித்த இடம், கக்கூஸ் கதவின் கீழ்ப் பக்கம் உக்கிய இடம். கடைசியில் "அன்ரி, இதையெல்லாம் பார்த்துவிட்டு உங்கள் முடிவைச் சொல்லுங்கோ" என்று ஒரு வரி. அம்மா அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். விடிய எனக்கு எடுத்து, "நான் வீட்டை வடிவா வச்சிருக்கேல்ல எண்டு காட்டுறார் போல, பிள்ளை" என்றார். அவருக்கு விலையே நினைவில் இல்லை. அடுத்த கிழமையே வேறு ஒருவருக்கு, அதுவும் குறைந்த விலைக்கு, கொடுத்துவிட்டார். நான் தடுக்கவில்லை.

இத்தனைக்கும் அந்தப் பிள்ளை காட்டியதில் ஒன்றும் பொய் இல்லை. கக்கூஸ் கதவு உக்கித்தான் இருந்தது. நேரே வந்து, பகலில், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், "அன்ரி, இந்த இடம் மாற்றவேண்டி வரும் போல, நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்" என்று கேட்டிருந்தால் அவரே இன்னும் நாலு இடத்தைக் காட்டியிருப்பார். அம்மாவுக்கு அந்த வீட்டில் எந்த மழைக்கு எங்கே ஒழுகும் என்று தெரியும். கேட்க ஆள் இல்லை.

ஆகவே செம்மண் தம்பி, மகளுக்கு முதலில் அனுப்பாதீர்கள். மகளுக்கு அனுப்பினால் மகள் தாயிடம் கேட்பாள், தாய்க்கு, தன் வீட்டில் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனவன் முதுகுக்குப் பின்னால் கடல் தாண்டிச் சொல்லிவிட்டான் என்றுதான் படும். நேரே போய்ச் சொல்லுங்கள். சொன்ன பிறகு, அவரிடம் கேட்டுக்கொண்டு, பிள்ளைகளுக்கும் அனுப்புங்கள்.

இன்னொன்று. பழுதைச் சொல்லும் அன்றைக்கே விலையைக் கதைக்காதீர்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் பழுது உண்மையாக இருந்தாலும் பேரம்போலத்தான் கேட்கும்.


பழைய உறுதி எழுதியது:

நொத்தாரிசு கந்தோரில் எழுதுவினைஞராகக் கனகாலம் இருந்தவன். மேலே எல்லாரும் மனசைப் பற்றி எழுதிவிட்டீர்கள், சரி, நான் தாளைப் பற்றி எழுதுகிறேன்.

வாயால் கதைத்து "பிளாட்டை நான் திருத்தித் தாறன்" என்று மாமி சொன்னாலும், வைபரில் "சரி" என்று எழுதினாலும், காணி விசயத்தில் அது நிற்காது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்னமும் உயிரோடு இருக்கிறது. காணி விற்பனை மட்டுமில்லை, விற்கிறேன் வாங்குகிறேன் என்ற உடன்படிக்கையும் எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சியோடு கையெழுத்தானால்தான் செல்லும். எங்கள் சனம் துண்டுக் கடுதாசியில் அச்சவாரம் வாங்கி முத்திரை ஒட்டிவிட்டுப் பத்திரமாக இருப்பதாக நினைக்கும். அச்சவாரம் கொடுப்பதென்றால் நொத்தாரிசிடம் விற்பனை உடன்படிக்கையாகவே எழுதுங்கள், பழுதில் எதை யார் திருத்துவது, எந்தத் திகதிக்குள், திருத்தாவிட்டால் எவ்வளவு கழிப்பது, காசு திரும்புமா என்பதையும் அதற்குள்ளேயே போடச் சொல்லுங்கள். இரண்டு பந்தி கூடும், அவ்வளவுதான். நேரே சொல்வது மரியாதைக்கு, எழுதுவது ஞாபகத்துக்கு. எழுபத்தாறு வயது மனுசி, நாளைக்கு ஏதும் ஆகி பிள்ளைகள் வந்து நின்றால் "அம்மா அப்படிச் சொன்னவ" என்று நீங்கள் யாருக்குக் காட்டுவீர்கள்?

பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர் என்றால், 1947இன் முற்கொள்வனவுக் கட்டளைச் சட்டப்படி கூட்டுப் பங்காளருக்கும், விற்பவர் மரணசாதனம் எழுதாமல் இறந்தால் உரித்தாளராக வரக்கூடியவர்களுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. ஆக மகளும் மற்றப் பிள்ளையும் விற்பனையை அறியவேண்டியவர்கள்தான். நல்லூர் மகள் சொன்ன ஒழுங்கில் சொல்லுங்கள், ஆனால் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

குசினி விசயத்தை இரக்கத்தில் விழுங்கவேண்டாம். அனுமதி இல்லாத கட்டடம் உங்கள் பெயருக்கு மாறியபின் உங்கள் தலையிடி. சோலைவரி ரசீதையும் பழைய கட்டடப் பிளானையும் கேளுங்கள். இதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை, உறுதி பார்க்கிறபோது எல்லாரும் கேட்கிறதுதான். மதிலுக்கும் குசினிச் சுவருக்கும் இடைவெளியைக் காணி அளக்கும் சேவையரைக் கொண்டு அளப்பியுங்கள். அளவு பிழைத்தால் அதைச் சேவையர் சொல்லட்டும், உங்கள் வாயால் வரவேண்டியதில்லை.


தரகுக்காரன் எழுதியது:

நானும் தரகன்தான், வலிகாமம் முழுக்க ஓடுகிறவன். அந்தத் தரகர் சொன்ன "வேற சாட்டு" என்னவென்று எனக்குத் தெரியும். "வாங்குகிறவருக்கு லோன் குறைவாகத்தான் கிடைத்ததாம்" என்றோ "பக்கத்துக் காணி இந்த விலைக்குத்தான் போனது" என்றோ கதை விடுவார். சில வேளை சரிவரும். சரிவராத நாளில் மாமி உங்களைத்தான் கேட்பார், அவரை இல்லை. இரண்டு பக்கமும் காசு வாங்குகிறவனிடம் பழுதுச் செய்தியைக் கொடுத்து விடாதீர்கள், அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது அது பழுதாக இருக்காது, "அவைக்கு வீடு பிடிக்கேல்லயாம்" என்று ஆகியிருக்கும். எங்களை நாளும் நேரமும் ஒழுங்குபண்ண மட்டும் விடுங்கள். என் சோற்றில் நானே மண் போடுகிறேன் என்று தெரிகிறது.

தண்ணீரைப் பற்றிச் சொல்லும்போது பார்த்துச் சொல்லுங்கள். "உங்கட கிணறு பழுது" என்று வாயிலிருந்து வந்தால் கதை முடிந்தது. எங்கள் ஊரில் கிணற்றைக் குறை சொல்வது குடும்பத்தைக் குறை சொல்வது மாதிரி.


மட்டப்பலகை எழுதியது:

தரகுக்காரன் சொன்னது சரி, அது பொய்யும் இல்லை. கோண்டாவில், திருநெல்வேலி, உரும்பிராய்ப் பக்கம் நைத்திரேற்று கூடியிருப்பது ஒரு வளவின் பிரச்சினை இல்லை. தோட்டத்துக்குப் போடும் உரமும் எல்லார் வீட்டுக் குழியும் சேர்ந்து, அடியில் இருக்கும் சுண்ணக்கல்லின் வெடிப்புகளால் நேரே இறங்குகிறது. குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி என்று சுகாதாரப் பரிசோதகர்மார் சொல்வார்கள், மூன்று பரப்பில் நாலு பக்கமும் அயல் வீட்டுக் குழி இருக்கும்போது அந்த 50 அடியை எங்கே எடுப்பது? ஊருக்கு உள்ளது என்று சொல்லுங்கள், குழி தூரத்தை இரண்டாவதாகச் சொல்லுங்கள்.

ஆனால் ஒன்றை விடக்கூடாது. அவர் கட்டாயம் "நாங்கள் கொதிக்க வச்சுத்தான் குடிக்கிறம்" என்பார். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்தத் தண்ணீர் கூடவே கூடாது, ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு இரத்தம் ஒட்சிசன் காவுவதையே அது குழப்பிவிடும், உடம்பு நீலம் பாரிக்கும். மாரியிலும் கோடையிலும் அளவு மாறும், ஒரு முறை பார்த்ததோடு நிற்காமல் திரும்ப ஒருக்கால் பாருங்கள்.


செம்மண் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சும்மா வந்தவனுக்கும்தான். இடித்துவிட்டுக் கட்ட எங்களிடம் காசு இல்லை அண்ணை, அதனால்தான் ஓட்டு வீடு பார்க்கிறோம்.

ஞாயிறு போவதாக இருக்கிறேன். அறிக்கையை வீட்டில் வைத்துவிட்டு, தண்ணீர் முடிவுத் தாளையும் மேசனின் கணக்குத் துண்டையும் மட்டும் கொண்டுபோவேன். அண்ணாவோடு நேற்று ஒரு மணித்தியாலம் சண்டை. கடைசியில் "சரி, உன்ர இஷ்டம், ஆனால் நொத்தாரிசு இல்லாமல் ஒரு சதமும் அனுப்பமாட்டன்" என்றார். அது நியாயம்தான்.


செம்மண் எழுதியது:

போய்வந்தேன். என்ன நடந்தது என்று கேட்டு இரண்டு பேர் தனிமடல் போட்டிருந்தீர்கள், இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன், அது நல்லதாகப் போனது, அம்மா பேசாமல் இருந்ததே பெரிய உதவி. விறாந்தையில் கதிரை போட்டார்கள். எனக்கு அந்தப் பிளாட்டுக்குக் கீழே இருக்க மனம் இல்லை, அதையே சாட்டாக வைத்து, "மாமி, கொஞ்சம் எழும்பி இங்கை வாங்கோ, ஒண்டு காட்டவேணும்" என்று சுத்தியலை எடுத்தேன். நான் தட்டவில்லை, அவர் கையில் கொடுத்தேன். முதலில் தூணுக்குப் பக்கத்தில் தட்டச் சொன்னேன், கணீர் என்றது. பிறகு நடுவில். பொத்து. அவர் திரும்பவும் முதல் இடத்தில் தட்டிப் பார்த்தார், திரும்பவும் நடுவில். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார், நான் முடிந்தது என்று நினைத்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஐந்து நிமிடத்தில் ஒரு கொப்பியோடு வந்தார். மாமாவின் கணக்குக் கொப்பி. நீல மட்டை, ஓரமெல்லாம் இராமபாணம் தின்றிருந்தது. 84 பங்குனிப் பக்கத்தைத் திருப்பி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். சீமெந்து இத்தனை பை, கம்பி இத்தனை அந்தர், "மணற்காட்டு மணல் 3 லோட்". மணற்காடு கடற்கரை ஊர். அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, "அப்பவே மேசன் சொன்னவன், கழுவிப்போட்டுப் போடுவம் எண்டு. இவருக்கு அவசரம், மகளின்ர சாமத்தியச் சடங்குக்கு முதல் முடிக்கவேணும் எண்டு நிண்டவர்" என்றார். நான் உப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. மேசனின் துண்டை அவரே கேட்டு வாங்கிப் பார்த்தார், ரீச்சர்தானே, கூட்டலில் ஒரு பிழை கண்டுபிடித்தார். நாலாயிரம் ரூபா கூடுதலாக என் பக்கம் வந்திருந்தது.

தண்ணீருக்கு மட்டப்பலகை அண்ணை சொன்ன அதே கேள்வி வந்தது, கொதிக்கவைக்கிறோமே என்று. சொன்னேன். மனைவியின் ஐந்தாம் மாதத்தையும் சொன்னேன், அதுவரை அவருக்குத் தெரியாது, பிறகு கதை கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் போய்விட்டது. குழி 27 அடி என்பதைச் சொல்லும்போதுதான் முகம் கொஞ்சம் கோணியது. "அப்ப ஒருத்தரும் சொல்லேல்ல" என்றார். உண்மைதான், 78இல் யார் அளந்தார்கள்?

குசினிப் பிளானைக் கேட்டேன், இல்லை என்று நேரே சொன்னார். சேவையர் வருகிற கிழமை வருகிறார். கறையானைப் பற்றிச் சொல்லவில்லை. வெடிப்பைப் பற்றியும் சொல்லவில்லை, ஆனால் வெளிக்கிடும்போது அவரே சாமியறைக்குக் கூட்டிக்கொண்டு போய், "இதை இடிச்சுப்போடாதே என்ன" என்று மட்டும் கேட்டார். மாட்டேன் என்றேன்.

விலை அன்றைக்குக் கதைக்கவில்லை. புதன்கிழமை அவர்தான் எடுத்தார், மகளோடும் கதைத்துவிட்டாராம். பிளாட்டுக்கு மேசன் எழுதிய தொகை முழுக்கக் கழிக்கலாம், புதுக் குழி வெட்டப் பாதி, வேறு ஒன்றும் கேட்கக்கூடாது என்றார். எல்லாம் சேர்த்து 11 இலட்சத்துச் சொச்சம் வருகிறது. அண்ணா 35இல் நின்றவர், இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு இறங்கிவிட்டார். நொத்தாரிசிடம் உடன்படிக்கை எழுதக் கொடுத்திருக்கிறோம், பழைய உறுதி ஐயா சொன்ன இரண்டு பந்தியும் சேர்த்து. உறுதி முடிப்பது தையில்.

நேற்று அந்தப் பக்கம் போனேன், படலையடியில் எலெக்ரீசியனின் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. ட்ரிப் சுவிட்ச் பூட்டுகிறார். அதைப் பற்றி நான் ஒரு பேச்சுக்குத்தான் சொல்லியிருந்தேன், காசு கணக்கில் சேர்க்கவும் இல்லை. நான் கொடுக்கிறேன் மாமி என்றேன். "தை மட்டும் நான்தானே இருக்கப்போறன்" என்றார். பிறகு அந்தத் தண்ணீர்த் தாளில் ஒரு பிரதி எடுத்து வரச் சொன்னார். மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்குப் போன கிழமைதான் பிள்ளை பிறந்திருக்கிறதாம்.